சீட்டு நடந்த வழி

எங்கள் தெருவில் ஒரு ஆத்தா இருந்தார். பர்மா ஆத்தா என்று சொன்னால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும். பஸ் டிக்கெட், மளிகைக் கடைச் சிட்டை, ரேஷன் கடையில் கிழித்துத் தரும் பில் என்று எதையும் அவர் கசக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை. நான்காக மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றுக்குள் போடுவார். பாட்டில் நிறைந்தால் அடுத்த பாட்டில். நான் ஒருமுறை பஸ் டிக்கெட்டைச் சுருட்டித் தெருவில் எறிந்தபோது அவரே குனிந்து எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார். "சீட்டக் கீழ போடாதடா தம்பி. எவனாச்சும் கேட்டான்னா என்ன பண்ணுவ?"

1942-ல் அவருக்கு ஒன்பது வயது. அப்பா, அம்மா, கைக்குழந்தையாக இருந்த தம்பி ஆகியோரோடு பர்மாவிலிருந்து நடந்து கிளம்பினார். மணிப்பூர் மலையைத் தாண்டி ஊர் வந்து சேர்ந்தபோது தம்பி உடன் இல்லை. அந்த நடையைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பேசும்போதெல்லாம் ஒரு சொல் வந்துவிடும்: ஊசிச் சீட்டு. காலரா ஊசி போட்டதற்கு முகாமில் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம் அது. "ஊசி போட்டாத்தான் சீட்டு. சீட்டு இருந்தாத்தான் விடுவான்" என்பார்.

அந்தச் சீட்டுக்கு ஒரு வம்சம் உண்டு. கப்பல் டிக்கெட்டாகப் பிறந்து, பெர்மிட்டாக மாறி, போர் வந்ததும் பாஸ் ஆகி, கடைசியில் ஊசிச் சீட்டாக ஓடையில் நனைந்தது. ஒவ்வொரு பிறவியிலும் அதை எழுதிக் கொடுக்க ஒரு அலுவலகம் தேவைப்பட்டது. ஒவ்வொரு முறையும் அந்த அலுவலகத்தில் ஆள் போதவில்லை.

1937 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சட்டப்படி பார்த்தால் ரங்கூன் போவதும் மதுரை போவதும் ஒன்றுதான். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. கப்பலில் டெக் டிக்கெட் ஒன்று இருந்தால் போதும். டெக் என்றால் தளம். தலைக்கு மேலே கித்தான், கீழே அவரவர் விரித்த பாய், பக்கத்தில் கட்டுச்சோற்று மூட்டை. 1920களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி ரங்கூனில் போய் இறங்கினார்கள். அறுவடைக்கும் நெல் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போய் இரண்டு மூன்று வருடம் உழைத்துவிட்டுத் திரும்பியவர்களே அவர்களில் அதிகம். 1931 மக்கள்தொகைக் கணக்கில் பர்மாவில் இருந்த இந்தியர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். ரங்கூன் நகரத்தின் 4 லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ராமநாதபுரத்துக்காரர், தஞ்சாவூர்க்காரர், தெலுங்கர், ஒரியர், வங்காளிகள், பஞ்சாபிகள் எல்லோரும் அதில் அடக்கம். காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார்கள் அங்கே கடன் கொடுத்து, விலை விழுந்த காலத்தில் வாராக்கடனுக்கு ஈடாக நிலம் வாங்கி, கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்கு உரியவர்களாகி இருந்தார்கள்.

டெக் டிக்கெட் பெரும்பாலும் கூலிக்காரரின் கையில் இருக்காது. மேஸ்திரிதான் மொத்தமாக எடுப்பார். அந்தப் பணம் முன்பணமாகக் கணக்கில் ஏறும். ஆக, அந்தக் காகிதம்தான் அவருடைய முதல் கடன். துறையில் டாக்டர்கள் டெக் பயணிகளை வரிசையில் நிறுத்திச் சோதிப்பார்கள், அம்மை குத்துவார்கள். கல்கத்தாத் துறையில் நடந்த அந்த மாதிரிச் சோதனையைச் சரத்சந்திரர் 'ஸ்ரீகாந்த்' நாவலின் இரண்டாம் பாகத்தில் எழுதியிருக்கிறார். முதல் வகுப்புப் பயணிக்கு அந்த வரிசை இல்லை. பின்னால் நடந்ததை எல்லாம் புரிந்துகொள்ள இந்த வேற்றுமை முக்கியம். காகிதம் ஒன்றுதான், அதைக் கேட்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறியது.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனிக் காலனியாகப் பிரிக்கப்பட்டது. 1938-ல் ரங்கூனில் இந்தியருக்கு எதிராகக் கலவரம் மூண்டது. வேலைக்கும் நிலத்துக்கும் பர்மியர்களுக்கு இருந்த ஏக்கம் நியாயமானது, அதை மறைக்க வேண்டியதில்லை. சொந்த மண்ணில் வயலையும் இழந்து, துறைமுக வேலையும் கிடைக்காமல் நின்றவர்கள் அவர்கள். இந்தியர் வருகையை ஆராய ஜேம்ஸ் பாக்ஸ்டர் என்ற அதிகாரியை அரசு அமர்த்தியது. அவருடைய அறிக்கையை ஒட்டி 1941-ல் இந்திய-பர்மா குடியேற்ற ஒப்பந்தம் வந்தது. இந்தியத் தரப்பில் கிரிஜா சங்கர் பாஜ்பாய், பர்மாவின் தரப்பில் பிரதமர் ஊ சா. இனிமேல் இந்தியர் பர்மாவுக்குள் வர 'ஏ' பெர்மிட் அல்லது 'பி' பெர்மிட் வேண்டும். 'ஏ' இருந்தால் நிலையாக இருக்கலாம், 'பி' இருந்தால் அதிகபட்சம் 3 ஆண்டு. ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் சலுகை பெற வேண்டுமானால், குறித்த காலத்துக்குள் 7 ஆண்டு அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அந்த ஒப்பந்தத்தைக் காந்தி 1941 ஆகஸ்டில் கடுமையாகக் கண்டித்தார்.

ஏழாண்டு வாழ்ந்ததை எதை வைத்துக் காட்டுவது? அறுவடைக்கு வந்து போனவரிடம் வாடகைச் சிட்டை இருக்காது. குடியிருந்தது ஆலைக் கொட்டகை. டிக்கெட் மேஸ்திரியிடம். சம்பளக் கணக்கும் மேஸ்திரியின் நோட்டில். ஒரு அலுவலகம் இதையெல்லாம் விசாரித்து, லட்சக்கணக்கான பேருக்குப் பதிவேடு திறந்து, கைரேகை வாங்கி, பெர்மிட் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு முழுத் துறையையே கட்டி எழுப்ப வேண்டும். ஐரோப்பாவில் போர் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதிகாரிகள் பலர் ராணுவ வேலைக்கு இழுக்கப்பட்டிருந்தார்கள். ஒப்பந்தம் முழுதாக நடைமுறைக்கு வருமுன் ஜப்பான் வந்துவிட்டது.

1941 டிசம்பர் 23 காலை ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. மக்கள் பதுங்குகுழிக்குப் போகாமல் தெருவில் நின்று விமானங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்கு அங்கே இருந்த பலரும் எழுதியிருக்கிறார்கள். குண்டு விழுந்தால் எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் குண்டு விழுந்தது. துறைமுகக் கூலிகள், நகரசுத்தித் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், மூட்டை தூக்கியவர்கள், ரிக்ஷா இழுத்தவர்கள் என எல்லோரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ப்ரோம் ஊருக்குப் போகும் வடக்குச் சாலையில் நடந்தார்கள்.

கூலிகள் ஓடியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், அலுவலகங்களில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரங்கூனில் குமாஸ்தாக்கள் பெரும்பாலும் இந்தியர்கள். தபால், தந்தி, ரயில்வே, ஆஸ்பத்திரி, துறைமுக நிர்வாகம், கப்பல் கம்பெனிக் கவுண்டர் எங்கும் அப்படித்தான். பிரிட்டிஷ் அதிகாரி மேலே ஒரு கையெழுத்துப் போடுவார். அவருக்குக் கீழே மனுவை வாங்குபவர், பெயரைப் பதிவேட்டில் ஏற்றுபவர், ரப்பர் முத்திரை குத்துபவர், சீட்டைக் கிழித்து நீட்டுபவர் எல்லோரும் சென்னையிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவர்கள். அவர்களுக்கும் வீட்டில் பெண்டு பிள்ளைகள் உண்டு, அவர்கள் வீட்டுக் கூரைக்கு மேலும் விமானம் பறந்தது. சீட்டு எழுத வேண்டியவரே சீட்டுக்காக வரிசையில் நின்றார். இப்படி ஒரு நாள் வரும் என்று அந்த அரசாங்கம் யோசிக்கவே இல்லை. நகரத்தை நடத்தியவர்களை வந்தேறிகள் என்று கணக்கெழுதி, எப்படிக் குறைப்பது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, அவர்கள் ஒரே வாரத்தில் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி எழவில்லை.

கேள்வி எழுந்தபோது பதில் அவசரமாக வந்தது: அவர்களைப் போகவிடாதே. கப்பல்களில் போர்ச் சரக்கு இறக்கப்படாமல் கிடந்தது, இறக்க ஆள் இல்லை. ப்ரோம் சாலையில் போனவர்களை அதிகாரிகள் பின்தொடர்ந்து போய், சோறும் பாதுகாப்பும் தருவதாகச் சொல்லித் திருப்பி அழைத்தார்கள். பலர் நம்பித் திரும்பினார்கள். பிறகு, உடல் வலுவுள்ள இந்திய ஆண்கள் டெக் பயணிகளாகக் கப்பல் ஏறக் கூடாது என்று தடை வந்தது. ஆறு மாதத்துக்கு முன் உள்ளே வருவதற்குப் பெர்மிட் கேட்ட அதே அரசாங்கம், இப்போது வெளியே போவதற்கு அனுமதி கேட்டது.

தடை டெக் பயணிகளுக்கு. கேபின் எடுக்க வசதி உள்ளவர்களுக்கு வழி இருந்தது. டெக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பெண்ணும் பிள்ளைகளும் ஏறலாம், கணவன் நிற்க வேண்டும். மொழி தெரியாத, தனியாகப் பயணமே போயிராத பெண், மூன்று பிள்ளைகளோடு கடலில். ஜப்பானிய நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கரையில் நிற்கும் கணவனுக்கு அடுத்த கப்பல் உண்டா என்றும் தெரியாது. இதற்குச் சம்மதிக்காத குடும்பங்கள் கப்பல் ஆசையை விட்டுச் சாலையில் இறங்கின. அந்த ஒரு விதி எத்தனை பேரை மலைக்காட்டுக்கு அனுப்பியது என்பதை எந்தப் பதிவேடும் எழுதிவைக்கவில்லை.

கப்பல் கம்பெனியின் ஜன்னல் முன்னால் விடிவதற்கு முன்பே கூட்டம். ஜன்னலுக்கு உள்ளே ஆள் குறையக் குறைய, வெளியே தரகர்கள் பெருகினார்கள். ஒரு நாட்டின் எந்த அலுவலகத்தில் பத்துப் பேர் செய்த வேலையை இரண்டு பேர் செய்கிறார்களோ, அங்கே மூன்றாவதாக ஒருவன் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வான். இதை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். டிக்கெட்டின் விலை ஜன்னலில் ஒன்று, வாசலில் ஒன்று. இந்திய அரசின் சார்பில் ரங்கூனில் ஹட்ச்சிங்ஸ் என்ற ஏஜென்ட் இருந்தார். சாதாரண காலத்தில் இந்தியர்களின் குறைகளைக் கேட்டு, கடிதம் எழுதி, பேச்சு நடத்த ஏற்பட்ட சிறிய அலுவலகம் அது. திடீரென்று 10 லட்சம் பேருக்கு அது ஒன்றுதான் வாசல் என்று ஆனது. ரங்கூன் விழுமுன் கடல் வழியாகத் தப்பியவர்கள் சுமார் 70,000 பேர். மற்றவர்களுக்குத் தரைதான்.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் ரங்கூனைக் காலி செய்யும் உத்தரவு வந்தது. சிறைக்கூடக் காவலர்கள் போய்விட்டார்கள், மனநல விடுதியில் சோறு போட ஆள் இல்லை. கைதிகளும் நோயாளிகளும் தெருவில் திறந்துவிடப்பட்டார்கள். மேலிருந்து தெளிவான உத்தரவு இல்லாமல் அதைச் செய்த அதிகாரி பிறகு தற்கொலை செய்துகொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தால் உள்ளேயே பட்டினியில் செத்திருப்பார்கள். மார்ச் 8-ல் ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைந்தார்கள்.

தரைவழிகளில் முதலாவது ப்ரோமிலிருந்து டவுங்குப் ஊருக்குப் போகும் கணவாய். ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலைமேல் சுமார் 100 மைல், பிறகு படகில் அக்யாப், அங்கிருந்து சிட்டகாங். தண்ணீர் இல்லாத வழி. ப்ரோமில் கூட்டம் தேங்கியது, காலரா வந்தது, வழியை மூடினார்கள். மூடிய வழியில் போலீஸ்காரன் நின்றான். அவன் கையில் காசு வைத்தால் வழி திறந்தது. சீட்டு இல்லாத இடத்தில் காசே சீட்டாக நடந்தது. காசும் இல்லாதவர்கள் ப்ரோமின் மரத்தடிகளில் கிடந்தார்கள். காலராவைத் தடுக்க வழியை மூடியது தவறில்லை என்று சொல்லலாம். மூடியவர்கள் உள்ளே அகப்பட்ட கூட்டத்துக்குக் குடிதண்ணீரும் கக்கூசும் ஊசியும் கொடுத்திருக்க வேண்டும். தடுத்து நிறுத்த ஆள் கிடைத்தது, கூட்டிப் போக ஆள் கிடைக்கவில்லை. ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் இருக்கிற நாலு பேரை எங்கே நிறுத்துவது என்பதில் ஒரு அரசாங்கத்தின் மனசு தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது வழி மாண்டலேயிலிருந்து. மக்கள் வெளியேற்றத்தைக் கவனிக்க வோர்லி என்ற வனத்துறை அதிகாரி ஆணையராக அமர்த்தப்பட்டார். மரங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர், லட்சக்கணக்கான மனிதர்களைக் கவனிக்க வந்தார். அவரும் மனைவியும் ராப்பகலாக உழைத்தார்கள். பின்னாளில் அதைப் புத்தகமாகவும் எழுதினார்கள். அவர்களைப் போல எத்தனையோ டாக்டர்கள், ரயில்வேக்காரர்கள், முகாம் குமாஸ்தாக்கள் கடைசி ரயில்வரை நின்றார்கள். மாண்டலே முகாம்களில் பல்லாயிரம் பேர் தங்கினார்கள். அந்தப் பக்கம் இந்தியாவில் மணிப்பூர் வழியில் சோறும் வண்டியும் குறைவாக இருந்ததால், நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று கணக்கு வைத்தார்கள். ஆகவே முகாமில் காத்திருப்பு. காத்திருக்கும் கூட்டத்தில் காலரா. ஏப்ரல் 3-ல் மாண்டலே மேல் குண்டு விழுந்து ஊர் எரிந்தது.

ஆத்தாவின் குடும்பத்துக்கு ஊசிச் சீட்டு கிடைத்தது இந்த முகாம்களில் ஒன்றில்தான். அவர் எனக்குச் சொன்னதை வைத்து அதை இப்படித்தான் பார்க்கிறேன். உள்ளங்கை அகலக் காகிதம். பழைய கணக்கு நோட்டிலிருந்து கிழித்ததாக இருக்க வேண்டும், பின்புறம் கோடு இருந்தது என்றார். மையில் எழுதிய பெயர், அதன்மேல் ஊதா முத்திரை. பெயர் அப்பாவுடையது மட்டும். அதற்குக் கீழே "குடும்பம்" என்று ஒரு எண், 4 பேர் என்று. எழுதிய குமாஸ்தா தமிழர். அப்பா பெயரைக் கேட்டதும் எந்த ஊர் என்று விசாரித்தாராம். ஆத்தாவுக்கு ஊசி போட்ட இடம் வீங்கி இரண்டு நாள் காய்ச்சல். அப்பா அந்தச் சீட்டை மெழுகுத் துணியில் சுற்றி வேட்டி மடியில் முடிந்துகொண்டார்.

மொனிவா வரை ரயில், பிறகு சிண்ட்வின் ஆற்றில் படகேறிக் கலேவா, கலேவாவிலிருந்து கபோ பள்ளத்தாக்கில் நடந்து தமு. மலேரியாவுக்குப் பெயர்போன பள்ளத்தாக்கு அது. தமுவுக்கு அப்பால் மலை ஏற்றம். பிறகு பலேல், இம்பால். அங்கிருந்து 130 மைலுக்கு மேல் மலைச்சாலை, திமாப்பூர் வரை. திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு அப்போது மணிப்பூர் ரோடு என்று பெயர். 'ஜோதி' பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த வெ. சாமிநாத சர்மா மனைவியோடு ரங்கூனிலிருந்து இந்த வழியாகத்தான் தாயகம் வந்து சேர்ந்தார். அவர் எழுதிய 'எனது பர்மா வழி நடைப் பயணம்' தமிழில் இந்த வெளியேற்றத்துக்கு இருக்கும் பெரிய சாட்சி. படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

மே மாதம் மழை பிடித்தது. மலைமேல் சேறு முழங்கால் வரை. ஆத்தாவின் அப்பா ஓடை ஒன்றைக் கடக்கும்போது வழுக்கி விழுந்தார். கரையேறி மடியை அவிழ்த்துப் பார்த்தால், மெழுகுத் துணி கிழிந்திருந்தது. "எழுத்தெல்லாம் ஓடிப்போயி காயிதம் கூழாக் கிடந்துச்சு. முத்திர மட்டும் ஊதாவாத் தெரிஞ்சுது. அப்பாரு அதக் கையில வச்சுக்கிட்டு அழுதாரு. தம்பி செத்தப்பக் கூட அப்பிடி அழுது நான் பாக்கல." அன்று இரவு முழுவதும் அவர் ஒரு கல்மேல் அந்தக் கூழைப் பரப்பி, தணலுக்குப் பக்கத்தில் காயவைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் சோதனைச் சாவடி வரும், சீட்டு எங்கே என்பான், இல்லை என்றால் திருப்பி அனுப்புவான் என்று பயம்.

சாவடியில் யாரும் இல்லை. "ஒரு பெஞ்சு கிடந்துச்சு. கேக்க ஆளே இல்ல" என்றார் ஆத்தா.

ஏன் ஆள் இல்லை என்பதற்கு ஒரு தேதி இருக்கிறது. 1942 மே 10-ல் இம்பால் மேல் குண்டு விழுந்தது. ரங்கூனில் நடந்தது அப்படியே இங்கும் நடந்தது. கடைக்காரர்கள், போலீஸ்காரர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். நிர்வாகம் ஒரே நாளில் காலியானது. ஐந்து மாதத்துக்கு முன் ரங்கூனில் கண்ட பாடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. குண்டு விழுந்தால் முதலில் காலியாவது அலுவலக நாற்காலி என்பதும், அதற்கு மாற்று ஆள் வைத்திருக்க வேண்டும் என்பதும் டிசம்பரிலேயே தெரிந்த சங்கதிதான். அதற்குப் பிறகும் அந்த வழி முழுதாக நின்றுவிடவில்லை என்றால், அதற்கு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரர்களுக்கும் அவர்கள் கூட்டி வந்த தோட்டத் தொழிலாளர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சாலை போட்டதும், கொட்டகை கட்டியதும், டீ கொதிக்கவைத்து ஊற்றியதும் அவர்கள்தான். அந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேர் காய்ச்சலில் செத்தார்கள் என்று யாரும் பேசுவதில்லை.

அதே மலையில் வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பிரித்து நடத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அரசாங்கம் மறுத்தது. காங்கிரஸ் காரியக் கமிட்டி ஏப்ரல் கடைசியில் அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் கடல் கடந்த இந்தியர்களுக்குப் பொறுப்பாக இருந்த எம்.எஸ். அனே நேரில் போய்ப் பார்த்தார். வழி இரண்டாக இருந்ததா, நடத்தியது இரண்டாக இருந்ததா என்று அப்போது வாதம் நடந்தது. நடந்து வந்தவர்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

1942 முடிவதற்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியா வந்து சேர்ந்தார்கள். வழியில் இறந்தவர்கள் 10,000 என்று ஒரு மதிப்பீடு, 50,000 என்று ஒரு மதிப்பீடு, அதற்கும் மேலே என்று இன்னொன்று. ஒரு மதிப்பீட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இப்படி 40,000 மனித உயிர் தொங்குகிறது. முகாமில் சீட்டு எழுதியபோது அதன் அடிக்கட்டை ஒன்றை எடுத்து வைத்து, திமாப்பூரில் வந்தவர்களோடு ஒப்பிட்டிருந்தால், யார் கிளம்பினார், யார் சேரவில்லை என்று பெயரோடு தெரிந்திருக்கும். எழுதிய குமாஸ்தாவும் ஓடினார், வாங்கிப் பார்க்க வேண்டியவரும் இல்லை. ஆத்தாவின் தம்பி எந்தக் கணக்கிலும் இல்லை. கிளம்பியபோது "4 பேர்" என்ற எண்ணுக்குள் அவன் இருந்தான். இறங்கியபோது அப்பா மூன்று பேர் என்று சொல்லியிருப்பார், கேட்டவர் மூன்று என்று எழுதியிருப்பார்.

கல்கத்தாவில் மார்வாடி நிவாரணச் சங்கம் போன்றவர்கள் சோறு போட்டு, துணி கொடுத்து, ரயிலேற்றி விட்டார்கள். ஏப்ரலில் சென்னை வந்து இறங்கியவர்கள் கண்டது விசித்திரமான காட்சி. ஏப்ரல் 5-ல் கொழும்பிலும் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்திருந்தது. சென்னை ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அரசு அலுவலகங்கள் சில வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. பர்மாவிலிருந்து வந்தவர்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டிய நாற்காலிகளில் பல மறுபடியும் காலி.

போர் முடிந்த பிறகு அந்தச் சீட்டு மீண்டும் பிறந்தது. பர்மாவில் விட்டு வந்த வீடு, கடை, வயலுக்கு உரிமை கேட்டவர்கள், தாம் அகதியாக வந்ததை நிரூபிக்கச் சான்று காட்ட வேண்டியிருந்தது. 1947-ல் பர்மா கொண்டுவந்த குடியேற்ற அவசரச் சட்டம், உள்ளே வருவதற்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. 1941-ல் காகிதத்தில் நின்றுபோனது இப்போது நடைமுறைக்கு வந்தது. திரும்பிப் போனவர்கள் வெளிநாட்டினர் பதிவுச் சான்று வாங்கி, ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பித்தார்கள். அதை எஃப்.ஆர்.சி. என்பார்கள். பர்மாவிலேயே பிறந்த பிள்ளைகளும் அந்தச் சான்றில் வெளிநாட்டுக்காரர்கள். 1964-ல் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி, 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றதும், லட்சக்கணக்கான பேர் மறுபடி கப்பல் ஏறினார்கள். இம்முறை சீட்டும் கப்பலும் ஒழுங்காக வந்தன. பெட்டிதான் காலியாக வந்தது. சென்னையின் பர்மா பஜார் அப்படி வந்தவர்கள் உண்டாக்கியது.

அப்படி வந்தவர்களில் சிலருக்குத் தமிழ்நாட்டு அகதி முகாம் வாழ்க்கை ஒட்டவில்லை. பிறந்த ஊர் பர்மா, பேசிய பாஷையில் பாதி பர்மா. 1960களின் நடுவில் அவர்கள் ரயிலேறி அஸ்ஸாம் போய், மணிப்பூர் மலையில் எதிர்த்திசையில் நடந்தார்கள். 1942-ல் பெரியவர்கள் வந்த அதே சாலை. எல்லையில் பர்மிய ராணுவம் திருப்பி அனுப்பியது. ஊருக்குத் திரும்ப மனமில்லாமல், எல்லைக்கு இந்தப் பக்கம் மோரே என்ற இடத்தில் குடிசை போட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காளபரமேஸ்வரி கோவில் இருக்கிறது, தெருவில் இட்லிக் கடையும் பர்மிய நூடுல்ஸான அத்தோவும் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் தமு. ஆத்தா ஒன்பது வயதில் நடந்து வந்த தமு.

முன்பெல்லாம் மோரேத் தமிழர்கள் காலையில் எல்லைக் கேட்டுக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு தமு போவார்கள். சந்தையில் சாமான் வாங்கி, சொந்தக்காரர் இருந்தால் பார்த்து, கேட் சாத்துவதற்கு முன் திரும்பி வந்து அதைக் காவலரிடம் கொடுப்பார்கள். ஒரு பகலுக்கு மட்டும் செல்லும் சீட்டு.